அஞ்சு பேர்ல யாரு சாம்பியன், மாஸ்டர்?

டபிள்யூபிசி, டபிள்யூபிஏ, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய நான்கு உலகக் குத்துச்சண்டை அமைப்புகளின் தலைவர்களுக்கு,

வணக்கம். சென்னை ராயபுரத்தில் பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். 2025 மார்ச்சில் ஒரு சாயங்காலம், பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தேன். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டை மூன்று சுற்று சுற்றி, விரல் முட்டிக்கு ஏறும்போது கேட்டான்: "மாஸ்டர், ஹெவிவெயிட்ல இப்ப யாரு சாம்பியன்?" உஸிக் என்றேன். "அப்ப டுபுவா?" அவரும்தான் என்றேன். அவனே விரல்விட்டு எண்ணினான். மூன்று பட்டங்களோடு உஸிக். ஐபிஎஃப் பட்டத்தோடு டுபுவா. டபிள்யூபிஏ தன் முக்கியப் பட்டத்துக்குக் கீழே கொடுக்கும் 'ரெகுலர்' பட்டத்தோடு 43 வயது குப்ரத் புலெவ். டபிள்யூபிஓவின் இடைக்காலப் பட்டத்தோடு ஜோசப் பார்க்கர். டபிள்யூபிசியின் இடைக்காலப் பட்டத்தோடு அகித் கபாயெல். ஒரு கை முடிந்துவிட்டது. "அஞ்சு பேர்ல யாரு மாஸ்டர்?" என்றான். முடிச்சைப் போட்டு, பேக் குத்த அனுப்பிவிட்டேன். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

எங்கள் பக்கத்தில் இது டிவியில் பார்த்துவிட்டு மறக்கிற விளையாட்டு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஆட்டத்தை வடசென்னை உழைப்பாளிகள் தங்களுடையதாக்கி, 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று பெயர் வைத்தார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாக, அதாவது குத்துச்சண்டைக் குழுக்களாக, பிரிந்து மோதினார்கள். தோற்றவன் தன்னைத் தோற்கடித்தவனையே மறுபடி கூப்பிடுவான். அவனை விட்டுவிட்டு வேறு ஒருவனை அடித்து வந்து 'நானும் பெரியவன்' என்றால் இந்தத் தெருக்களில் யாரும் ஏற்க மாட்டார்கள்.

1980ல் முகமது அலி இங்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். என் அப்பா கூட்டத்தில் நின்று பார்த்தார். கடைசிவரை அவர் பேசியது அலியின் குத்தைப் பற்றி இல்லை, காலைப் பற்றி. "அவ்ளோ பெரிய ஒடம்பு, கால் தரையில நிக்கவே மாட்டேன்னுச்சுடா" என்பார்.

அந்தக் கால்தான் இன்று காணோம். 1971ல் நியூயார்க்கில் அலியோடு மோதிய ஃப்ரேஸியருக்கு எடை சுமார் 93 கிலோ. பதினைந்தாவது ரவுண்டில், மூச்சு வாங்கும் நேரத்தில், இடக்கையால் ஒரு ஹூக் போட்டு அலியைக் கீழே தள்ளினார். 2019 டிசம்பரில் ஆண்டி ரூயிஸ், தான் ஜெயித்த பட்டங்களைக் காப்பாற்ற சுமார் 128 கிலோ எடையோடு வந்தார். ஆறு மாதம் முன்பு சுமார் 122. சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 2023ல் அதுவரை ஒரு தொழில்முறை பாக்ஸிங் போட்டிகூட ஆடாத, கலப்புச் சண்டை (எம்எம்ஏ) வீரர் ங்கானு, டபிள்யூபிசி சாம்பியன் டைசன் ஃபியூரியைக் கீழே விழவைத்தார். தோற்றவர் ங்கானுதான், ஆனாலும் டபிள்யூபிசி அவரைத் தரவரிசையில் பத்தாவது இடத்தில் வைத்தது. அந்த இடத்துக்காக வருஷக்கணக்கில் வியர்வை சிந்தியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அடுத்த மார்ச்சில் முன்னாள் சாம்பியன் ஜோஷுவா அவரை இரண்டே ரவுண்டில் சாய்த்தார்.

வீரர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 1978ல் அலியோடு மறுபடி மோதப் போனதற்காக லியோன் ஸ்பிங்க்ஸிடமிருந்து டபிள்யூபிசி பட்டத்தைப் பிடுங்கி, கென் நார்ட்டனுக்குக் கொடுத்தார்கள். பட்டப் போட்டி ஒன்றில்கூட ஜெயிக்காமல் நார்ட்டன் சாம்பியன். 1992ல் ரிடிக் போ அதே அமைப்பின் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார், லெனாக்ஸ் லூயிஸோடு மோதாமல். 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை ஜெயித்து, கால் நூற்றாண்டுக்குப் பிறகு உஸிக் ஒரே சாம்பியனானார். அடுத்த மாதமே ஐபிஎஃப் பட்டம் கையை விட்டுப் போனது. அவருக்கு ஃபியூரியோடு மறுமோதல் ஒப்பந்தம் இருந்தது, உங்கள் வரிசையில் டுபுவா நின்றார். டுபுவா உஸிக்கை ஜெயிக்காமலேயே சாம்பியன். பிறகு அவர் ஜோஷுவாவை ஜெயித்துத் தன்னை நிரூபித்தார், அதை மறுக்கவில்லை. ஆனாலும் உஸிக் ஒருமுறை ஜெயித்ததை 2025 ஜூலையில் வெம்ப்லியில் மறுபடி ஜெயிக்க வேண்டியிருந்தது.

15 ரவுண்டைத் திரும்பக் கேட்க மாட்டேன். 1982ல் கொரிய வீரர் கிம் டுக் கூ அடிபட்டு இறந்த பிறகு 12 ஆகக் குறைத்தது சரி. அடுத்தவர் பிள்ளைகளை ரிங்குக்குள் அனுப்புகிறவன் நான்.

கேட்பது இதைத்தான். ரெகுலர் பட்டத்தை எடுத்துவிடுங்கள். சாம்பியன் அடிபட்டு ஆட முடியாமல் இருந்தால் ஒழிய இடைக்காலப் பட்டம் கொடுக்காதீர்கள். நான்கையும் ஜெயித்தவரிடமிருந்து ஒரு வருஷத்துக்கு எதையும் பறிக்காதீர்கள். அதற்குள் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, அடுத்து மோதப்போகிறவர் யார் என்று ஒரே பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் வீரரின் சம்பளத்திலிருந்து நீங்கள் வாங்கும் கட்டணம் குறையும் என்று தெரியும். குறையட்டும்.

அந்தப் பையன் இப்போது ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) ஆடுகிறான். முன்கையால் நேராகக் குத்தும் ஜாப் நன்றாக வருகிறது, கால்தான் இன்னும் பழகவில்லை. உஸிக் ஆடியதை ஃபோனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ராயபுரத்து பாக்ஸிங் மாஸ்டர்