எல்எஸ்டி 325 கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஒருவழியாக எல்எஸ்டி 325 என்ற இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தரையிறக்கக் கப்பலின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். பலர் உதவியதால்தான் முடிந்தது, அதனால் இந்த மடல்.

முதலில் எவன்ஸ்வில் தன்னார்வலர்களுக்கு. அமெரிக்காவின் இந்தியானாவில், ஒஹையோ ஆற்றங்கரையில் நிற்கும் அந்த 328 அடிக் கப்பலை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். டாங்கிகளை ஏற்றிவந்த கீழ்த்தளம் முழுக்க என்னோடு நடந்து, முகப்புக் கதவு எப்படித் திறக்கும், சாய்பலகை எப்படி இறங்கும் என்று கேட்ட கேள்விக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்ன பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அடுத்து எங்கள் மாமா. சரக்குக் கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுக்கடலில் பேலஸ்ட் தொட்டிகளில் தண்ணீரை நிரப்பி ஆழமாக மிதக்க வேண்டிய கப்பல், கரையை நெருங்கும்போது அதை வெளியேற்றி மூக்கை லேசாக்கிக்கொண்டு மணலில் ஏறும், ஏறுவதற்குள் பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டிருப்பார்கள், திரும்பும்போது அதன் வடத்தைச் சுற்றித் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும் என்று போனிலேயே விளக்கினார் மாமா. இது புரியாமல் 1943இல் இத்தாலியின் சிசிலி, சலெர்னோ கரைகளில் நடந்த தரையிறக்கங்களை எழுதியிருந்தால் வெறும் தேதிப் பட்டியலாகத்தான் இருந்திருக்கும்.

1944 ஜூன் 7 அன்று பிரான்ஸின் நார்மண்டியில், ஒமாஹா கடற்கரையில் இந்தக் கப்பல் இறங்கியதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். 'டிசம்பர் 28ஐ விட்டுவிடாதே' என்று பிடிவாதமாக நின்ற நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அன்று எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது, அதிலிருந்த சுமார் 700 பேரை ஏற்றிக் காப்பாற்றியது இந்தக் கப்பல். டாங்கிகளை இறக்கியதைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

1964இல் கிரேக்கக் கடற்படைக்குப் போய் 'சீரோஸ்' என்ற பெயரில் 1999 வரை உழைத்த காலத்தை ஆங்கிலக் கட்டுரைகள் இரண்டு வரியில் தாண்டிவிடும். கிரேக்க மொழிக் குறிப்புகளை வாசித்துச் சொன்ன தோழிக்கு நன்றி, அடுத்த முறை பிரியாணி என் செலவு.

அப்புறம், கேப்டன் ராபர்ட் ஜார்ன்லினுக்கும் அவருடைய குழுவுக்கும். சராசரி வயது 72, பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்கள். 2000ஆம் ஆண்டு கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போய், துருப்பிடித்துக் கிடந்ததைச் செப்பனிட்டு, குளிர்கால அட்லாண்டிக்கைக் கடந்து 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதைத் தமிழில் அவர்கள் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அவசியம் ஏறிப் பாருங்கள். கோடை முடியும் சமயத்தில் கப்பலே ஆற்றில் வேறு ஊர்களுக்குக் கிளம்பிவிடும், விசாரித்துவிட்டுப் போங்கள்.