சிறுவருக்கான வரலாற்று மர்மக் கதைகள்: நமது எழுத்தாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் எடுத்த தீர்மானத்தின்படி, இந்த ஆண்டு முழுவதும் நமது சங்கம் ஒரே துறையில் உழைத்தது: பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சென்னை மாகாணத்தைக் களமாகக் கொண்டு சிறுவருக்கு மர்மக் கதை எழுதுவது. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், எழுத்தைப் பற்றி மட்டும் இங்கே கூறுகிறேன்.

தொடக்கத்தில் வந்த கைப்பிரதிகளில் தலைப்பாகையும் ஜட்காவும் இருந்தனவே தவிர, அவற்றிலிருந்த மர்மம் எந்தக் காலத்திலும் நடக்கக்கூடியதாக இருந்தது. புதிர் அந்தக் காலத்தின் நடைமுறையிலிருந்தே பிறக்க வேண்டும், அவிழ்வதும் அதனாலேயே நிகழ வேண்டும் என்ற அளவுகோலை வாசிப்புக் குழு அதன் பிறகே வகுத்தது. அதற்குச் சிறந்த சான்றாக அமைந்தது 1890களின் கோழிக்கோட்டில் நடக்கும் கதை. இந்திய நிலை நேரம் 1906 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வரும்வரை ரயில்வே சென்னை நேரத்தையே பின்பற்றியது. கோழிக்கோடு சென்னைக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறத்தாழ 18 நிமிடம் பிந்தியே உச்சிக்கு வரும். களவு நடந்தபோது சூரியக் கடிகாரத்தின்படி நண்பகல் என்று ஒரு சாட்சி சொல்ல, தான் அந்நேரம் ரயில் நிலையத்தில் இருந்ததாகவும் அங்கே கடிகாரம் 12 காட்டியதாகவும் சந்தேகத்துக்குரியவர் சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நிலையத்தை விட்டு நடந்து வந்து திருடிச் செல்ல அந்த 18 நிமிடம் போதும். இதைக் கண்டுபிடிக்கும் சிறுமிக்குத் துப்பறியும் மேதைமை எதுவும் தேவைப்படவில்லை, இரண்டு நிழல்களைக் கவனிக்கும் பொறுமை இருந்தது. இந்தக் கதையைக் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.

சிறு விவரங்களில் உறுப்பினர்கள் காட்டிய கவனத்தையும் பதிவு செய்கிறேன். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்னும் கணக்கு இப்போது எல்லாக் கைப்பிரதிகளிலும் சரியாக இருக்கிறது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856இல் புறப்பட்டது என்பதால், அதற்கு முன் நடக்கும் கதைகளில் தபால் பெரும்பாலும் ஓட்டக்காரரின் காலில்தான் போகும். அந்தத் தாமதமே கதையை விறுவிறுப்பாக்கும்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் நில அளவைக்காக மேலே ஏற்றப்பட்ட, அரை டன் எடையுள்ள பெரிய கோணமானி, கயிறு அறுந்து மோதிச் சேதமுற்ற நிகழ்ச்சியை ஒரு மூத்த உறுப்பினர் எடுத்துக்கொண்டார். அந்த அளவைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் லாம்டன் தாமே அதைச் சீர்செய்தார் என்பது வரலாறு. கயிறு எப்படி அறுந்தது என்பதைத் தேடும் சிறுவன் கற்பனை. வரலாறு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை நூலின் பின்குறிப்பில் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று இக்கதையை முன்னிட்டே முடிவு செய்தோம்.

ஆண்டின் மிக நீண்ட விவாதம் கைரேகையைப் பற்றியது. மர்மக் கதை எழுதுபவருக்குக் கைரேகை மிகவும் பிடித்த தடயம். அதன் வரலாறும் இந்த நாட்டில் வேர் கொண்டது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது; ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பு பெரிது, புகழோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயருக்கே போயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் கைரேகை என்றால் பல குடும்பங்களின் நினைவுக்கு வருவது வேறொன்று. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள், குற்றம் ஏதும் செய்யாதிருந்தும், ரேகை பதிந்து காவல் துறையின் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதும் அச்சட்டம் நீங்க 1952 ஆயிற்று.

இந்தப் பின்னணியில், கதையின் முதல் அத்தியாயத்திலேயே ஊரார் சந்தேகிக்கும் நபர் அத்தகைய சமூகத்தவராக இருந்து, இறுதியில் திருடரும் அவரே என்று முடியும் ஒரு கைப்பிரதி வந்தபோது, அதை ஏற்பதில்லை என்று குழு முடிவெடுத்தது. சட்டம் ஒருவரை முன்கூட்டியே குற்றவாளி என்று எழுதி வைத்திருந்த காலத்தில், துப்பறியும் பிள்ளையும் அதே ஏட்டைப் பார்த்து விடை எழுதினால் அங்கே துப்பறிதல் நடக்கவேயில்லை என்பது என் உறுதியான கருத்து. எழுத்தாளர் அதை மனமுவந்து திருத்தி எழுதினார். புதிய வடிவில், பதிவேட்டில் ரேகை உள்ள தந்தையின் மகள், ரேகை பதியாத பெரிய மனிதரின் குற்றத்தை வெளிக்கொணர்கிறாள். பழையதைவிடப் பல மடங்கு நல்ல மர்மம் அது.

யார் துப்பறிவது என்பதிலும் தெளிவு பிறந்தது. வெள்ளை அதிகாரியின் பின்னால் விளக்குப் பிடித்து நடக்கும் உதவியாளனாக நம் பிள்ளையை வைக்க வேண்டியதில்லை. பங்கா என்னும் கூரை விசிறியை இழுக்கும் சிறுவன், கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தில் பேசப்படுவது அனைத்தையும் கேட்கிறான்; அவன் அங்கே இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மொழிபெயர்ப்பாளரான துபாஷியின் மகளுக்கு இரு மொழி தெரியும், சாட்சியம் மொழிபெயர்ப்பில் எப்படி மாறியது என்பதை அவள் மட்டுமே அறிவாள்.

இத்தகைய குரல்களைப் பிடிக்க, 1736 முதல் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கூட்டங்களில் பகுதி பகுதியாகப் படித்தோம். அது பிரெஞ்சுப் புதுச்சேரியைச் சேர்ந்ததாயினும், வதந்தியும் வழக்கும் விருந்தும் பகையும் அன்றாடத் தமிழில் எப்படிப் பேசப்பட்டன என்பதை அதைப்போல் வேறெதுவும் கற்பிக்கவில்லை.

1876–78 பஞ்சத்தைச் சிறுவர் கதையில் எவ்வளவு காட்டலாம் என்பதில் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. பசியை மறைத்தால் அந்தக் கால மனிதர்களுக்கு நாம் துரோகம் செய்கிறோம் என்று நான் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை தாங்குமா என்று கேட்கும் உறுப்பினர்களின் கவலையும் நியாயமானதே. அடுத்த ஆண்டின் முதல் கூட்டம் இதற்கே ஒதுக்கப்படுகிறது.

தேர்வான கதைகளைத் தொகுப்பாக வெளியிடவும், அச்சுக்கு முன் அவற்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் மாவட்டப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க மூவர் குழுவை அமைக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். கைப்பிரதிகளை முதலில் படித்து, சலிப்பூட்டிய பக்கங்களைத் தயங்காமல் சுட்டிக்காட்டிய சிறுவர், சிறுமியருக்குச் சங்கத்தின் நன்றி உரியது. இவ்வறிக்கையை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்