காட்டில் கிடைத்த காசுக்கு ஒரு ரசீது

தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

நொய்யல் கரையில் பண்ணையம் பார்க்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் நத்தமேட்டை, அதாவது பழைய ஊர் இருந்த மேட்டை, ஒட்டிய கடலைக் காட்டில் போன வாரம் ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காடெங்கும் முழங்கால் ஆழத்துக்குக் குழிகள். குறுக்கே வந்த சொட்டுநீர்க் குழாய்களை வெட்டி எறிந்திருக்கிறார்கள். குழியோரம் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. கருவி சத்தம் போடாத எதுவும் அவர்களுக்கு வேண்டாம்.

பழங்கால ஊர் புதைந்து கிடக்கும் கொடுமணல் தொடங்கிக் கரூர் வரைக்கும் இது நடப்பது உங்களுக்குத் தெரியும். காவல் போடுங்கள், கருவியோடு பிடிபட்டவர்கள் மீது வழக்குப் போடுங்கள். ஆனால் அவர்கள் இவ்வளவு துணிச்சலாக வருவது ஏன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் யாரும் அரசாங்கத்திடம் போய்ச் சொல்ல மாட்டார்கள் என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். எங்களை வாயடைக்க வைத்தது எது என்று சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் பெரியப்பா காட்டில் சில வருடங்களுக்கு முன் உழவு ஓட்டும்போது கலப்பையில் சின்னக் கலயம் ஒன்று மாட்டியது. உள்ளே பச்சைக் களிம்பேறிய செப்புக் காசுகள். அவர் ஒன்றைக்கூடத் தேய்த்துப் பார்க்கவில்லை. கலயத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு அன்றைக்கே அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம், யார் இருந்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. காசை வாங்கிக்கொண்டவர்கள் கேட்ட முதல் கேள்வி, "மிச்சத்தை எங்கய்யா வெச்ச?" எழுபது வயது மனிதரை நிற்க வைத்துக் கேட்டார்கள். வீட்டுக்கு ஆள் வந்து அரிசிப் பானை வரைக்கும் பார்த்தார்கள். மேலதிகாரி வந்து பார்க்கும் வரை காட்டில் ஏர் பூட்டக் கூடாது என்றார்கள். அதிகாரி வரவில்லை. பட்டம் தப்பிப்போனது. விதைக்கடலைக்கு வாங்கிய கடன் மட்டும் நின்றது. எத்தனை காசு கொடுத்தார் என்பதற்கு அவரிடம் இன்றைக்கும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அந்தக் காசுகள் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இருக்கின்றனவா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

"இனி தங்கமே கெடச்சாலும் மண்ணத் தள்ளி மூடீருவேன் கண்ணு" என்றார். ஊரே அதைக் கேட்டது. ஊரே அதைத்தான் செய்கிறது. இல்லையென்றால் வியாபாரிக்குப் போன் போடுகிறது. அவன் கேள்வி கேட்பதில்லை, ரொக்கம் கொடுக்கிறான்.

உங்கள் கையில் இருப்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. அதே சட்டப்படி அரசு அதைக் கையகப்படுத்தினால் கொடுக்க வேண்டியது மூலப்பொருளின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். சேர மன்னன் பெயர் பொறித்த செப்புக் காசுக்குச் செம்பின் எடைக்கு விலை போட்டால் ஒரு டீக்குக்கூடக் காணாது. வெள்ளைக்காரன் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு உழவனிடம் நேர்மையை எதிர்பார்க்கிறோம்.

இதில் போவது என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் 1898ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் மேல் உளி வெட்டு இருந்தது. குவியலாகப் பார்க்கக் கிடைத்ததால்தான் ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் கேட்க முடிந்தது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த, மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேர மன்னர்களின் பெயர் பொறித்த காசுகளைப் பாருங்கள். அரித்தெடுத்தவர் கையிலிருந்து வியாபாரி கைக்கும் அங்கிருந்து சேகரிப்பாளர் பெட்டிக்கும் போனவை பல. எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தன என்று சொல்ல யாரும் இல்லை.

இங்கிலாந்தில் 1996ல் புதுச் சட்டம் போட்டார்கள். கண்டெடுத்ததைப் பதிவு செய்ய வட்டாரந்தோறும் அலுவலர் இருக்கிறார். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலை தருகிறது. 2009ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலில் கிடைத்த பொற்குவியலுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். கண்டெடுத்தவருக்குப் பாதி, வயல்காரருக்குப் பாதி. அங்கே போல ஆளாளுக்கு டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்க இங்கே அனுமதி கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது வேண்டவே வேண்டாம். உழும்போது தானாக வந்ததைக் கொண்டுவந்து கொடுப்பவனை மனிதனாக நடத்துங்கள் என்கிறேன்.

கீழடியில் தென்னந்தோப்புக்காரர்கள் நிலத்தைக் கொடுத்ததால்தான் அங்கே குழி வெட்ட முடிந்தது. இன்று அங்கே அருங்காட்சியகம் நிற்கிறது, தமிழன் பெருமை மேடைக்கு மேடை பேசப்படுகிறது. அந்தப் பெருமை யார் காட்டிலிருந்து வருகிறதோ அவன் தாலுகா ஆபீஸ் வாசலில் கைகட்டி நிற்கிறான். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும்.

பணிவாகவே கேட்கிறேன். சட்டத்தைத் திருத்த நாளாகும், அந்த முயற்சியை இன்றே தொடங்குங்கள். ரசீது கொடுக்க எந்தத் திருத்தமும் வேண்டாம். கிடைத்ததைக் கிராம நிர்வாக அலுவலர் படம் எடுத்து, எண்ணி, எடை போட்டு, அங்கேயே ரசீது கொடுக்கட்டும். தொல்லியல் அலுவலர் ஒரு வாரத்துக்குள் வந்து இடத்தைப் பார்க்கட்டும். தாமதமானால் அந்தப் போக விளைச்சலுக்கு ஈடு கொடுங்கள். கொடுத்தவர் சம்மதித்தால் அருங்காட்சியகத்தில் அவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.

பெரியப்பாவின் காசுகள் எங்கே இருக்கின்றன என்பதை, உரிய அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியுள்ள மனுவுக்குப் பதிலாகத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயக் குடும்பத்திலிருந்து ஒருவர்