ஃபார்ம் அச்சடிக்கக் கொடுக்கும் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கமுங்க.

கணபதி, சின்னவேடம்பட்டி பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. பழைய டெஸ்ட் பதிவு ஃபார்மை அடித்துக் கொடுத்து, ஒரு பம்ப் கம்பெனிக்குத் தர ஆடிட்டில் என்.சி. (விதிப்படி இல்லை என்ற குறிப்பு) வர வைத்தது நம் பிரஸ்தான் என்று. கேட்கவே சங்கடமாக இருக்கிறதுங்க. வந்த ஆர்டர், பழைய பேடின் ஒரு தாளைப் படம் பிடித்து, "இதே மாதிரி 20 பேடு" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. படத்தின் மூலையில் ரெவ் 02 (ரெவிஷன், அதாவது திருத்த எண்) என்று இருந்தது, அதையேதான் அடித்தோம். எந்த ஃபார்முக்கு இப்போது எந்த ரெவிஷன் என்று காட்டும் அவர்கள் மாஸ்டர் லிஸ்ட்டில் ரெவ் 03 ஏறிவிட்டதை யாரும் சொல்லவில்லை.

ரெவ் 03-ல் கூடுதலாக வந்தவை இரண்டே கட்டங்கள்: கேசிங்குக்கு (பம்பின் வெளிக்கூடு) ஹைட்ரோ டெஸ்ட்டில் கொடுத்த தண்ணீர் பிரஷர், அந்தப் பிரஷரை எத்தனை நிமிடம் நிறுத்தினார்கள் என்பது. பழைய தாளில் அந்தக் கட்டங்கள் இல்லை. டெஸ்ட் செய்திருந்தாலும் பதிவு இல்லையென்றால் ஆடிட்டருக்குக் காட்ட ஒன்றுமில்லை. தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001:2015-ன் 7.5.3 பிரிவு ரெவிஷன் கட்டுப்பாட்டைக் கேட்பது இதற்காகத்தான்.

இனி ஃபார்ம் எண், ரெவிஷன் எண், தேதி மூன்றும் உள்ள புரூஃபில் (மாதிரித் தாளில்) உங்கள் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவோம். இந்த எண்களைத் தாளின் அடியில் போடாமல் மேலே, கட்டத்துக்குள் போடச் சொல்கிறோம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கும்போது அடி ஓரம்தான் முதலில் வெட்டுப்படும்.

வருடத்துக்குச் சேர்த்து அடித்தால் விலை குறையும், உண்மைதான். ஆனால் ரெவிஷன் மாறினால் மிச்சப் பேடுகளைத் தூக்கிப்போட மனசு வராது, அதிலேயே எழுதித் தீர்ப்பார்கள். மூன்று மாதத் தேவைக்கு மேல் அடிக்காதீர்கள். புது ரெவிஷன் வந்த அன்றே பழையதைத் திரும்ப எடுங்கள். ஸ்டோர்ஸில் எடுத்தால் மட்டும் போதாது. டிரில்லிங் மெஷின் பக்கத்து ஆணியில் தொங்குவதும், இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் டிராயரில் கிடப்பதும்தான் ஆடிட்டர் கையில் சிக்கும். எழுதாத தாள்களைக் குறுக்கே கோடு போட்டுக் கழியுங்கள். எழுதி முடித்த பழைய தாள்கள் ரெக்கார்டு. வைத்திருக்க வேண்டிய காலம் முடியும்வரை கிழிக்கக் கூடாது. அவற்றில் ஒயிட்னரும் வேண்டாம். தப்பானதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள்.

புரூஃப் போய் வர இரண்டு நாள் கூடும். கார்பன் இல்லாத பேடு விலையும் சற்று ஏறியிருக்கிறது.

பேச்சைக் கேட்டும் ஆர்டரை மாற்றாமல், நேரில் வந்து விவரம் கேட்ட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றிங்க. அடுத்த ஆர்டரோடு மாஸ்டர் லிஸ்ட் நகல் ஒன்று கொடுத்துவிட்டால், ஒவ்வொரு ஃபார்மையும் அதோடு ஒத்துப் பார்த்தே மெஷினில் ஏற்றுவோம்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர், கோவை