மே 11ஆம் திகதிக்குள் ரத்துக் கடிதத்தைக் கொடு

ஹற்றன்
03.05.2026

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு ஆசிரியர் நியமனம் வந்ததை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். இங்கே பின்னேரமானால் மழை, மற்றபடி சுகம்.

சரி, வேன் விஷயம். விற்று முடித்துவிட்டாய், இன்சூரன்ஸை நிறுத்தினால் மிச்சக் காசு முழுதாக வருமா என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பொலிசிப் பிரதியை வரி வரியாகப் பார்த்தேன். ஜனவரி 12இல் தொடங்கியிருக்கிறது, கட்டியது 73,000 ரூபாய். நாள் கணக்குப்படி ஒரு நாளைக்கு 200 ரூபாய். மே 11 வரை 120 நாள் போனால் மிச்சம் 245 நாளுக்கு 49,000 வரவேண்டும். நீயும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். ஆனால் பொதுவாகக் கம்பனி தானாக ரத்துச் செய்தால்தான் அந்தக் கணக்கு. நாம் கேட்டு நிறுத்தினால் குறுகிய கால அட்டவணை, அதாவது பொலிசி ஓடிய மாதத்துக்கு ஏற்ப அவர்கள் எடுத்துக்கொள்ளும் வீதம். உன் பொலிசியின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது: 4 மாதம் வரை 60 வீதம் அவர்களுக்கு, 5 மாதம் வரை 70 வீதம். அதன்படி 11ஆம் திகதிக்குள் என்றால் உனக்கு 29,200. ஒரு நாள் பிந்தினாலும் 21,900தான். 7,300 ரூபாய் சும்மா போகும்.

இதில் அநியாயம் இருக்கிறதா என்று கேட்டால், முழுக்க இல்லை என்பேன். சிவனொளிபாதமலை சீசனில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஹயர் ஓடுகிறவர்கள் டிசம்பரில் இன்சூரன்ஸ் போட்டு மே மாதம் நிறுத்திவிட்டு நாள் கணக்கில் காசு கேட்டால், ஆபத்துக் கூடிய மாதங்களுக்கு மட்டும் கட்டியதாகிவிடும். பொலிசி எழுதிய செலவும் முதலிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அட்டவணையைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டு, விற்கும்போது வாயே திறக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

விற்ற திகதியைப் பொதுவாக எடுக்கமாட்டார்கள். உன் கடிதமும் இன்சூரன்ஸ் சான்றிதழும் கைக்குக் கிடைத்த திகதிதான் கணக்கு. அதனால் தபாலில் போடாதே. பண்டாரவளைக் கிளையில் நேரில் கொடுத்து, உன் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள். லீசிங் கம்பனியின் பெயர் பொலிசியில் இன்னும் இருக்கிறது. கடன் முடிந்த கடிதத்தையும் கொண்டுபோ. இந்த வருஷம் கிளெய்ம் எடுக்காதது நல்லதாயிற்று, எடுத்திருந்தால் திருப்பித் தரவே மாட்டார்கள். 73,000இல் வற் வரி, மற்றக் கட்டணங்களும் சேர்ந்திருந்தால் கையில் வருவது இன்னும் குறையும். எதில் எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத்தில் கேள்.

அப்புறம், சின்னக் கார் ஒன்று பார்ப்பதாக எழுதியிருந்தாயே. அது இந்தக் கிழமைக்குள் சரிவருமென்றால் ரத்தே செய்யாதே. இதே பொலிசியைப் புது வாகனத்துக்கு மாற்றித் தரமுடியுமா என்று கேள். பொதுவாகக் கட்டுப்பண வித்தியாசத்தை மட்டும் சரிக்கட்டினால் போதும், அட்டவணைப்படி வெட்டமாட்டார்கள். எனக்கென்றால் அதுதான் முதல் தெரிவு. ரத்துத்தான் என்றால் நோ கிளெய்ம் போனஸுக்கான கடிதத்தையும் கையோடு வாங்கு, அடுத்த பொலிசியில் கழிவு கிடைக்கும்.

கிளைக்குப் போகுமுன் ஒரு கோல் எடு. ரத்துக் கடிதத்தை நான் எழுதி அனுப்புகிறேன், நீ கையெழுத்துப் போட்டால் சரி.

அன்புடன்,
ராஜு