கிடங்கு இல்லாத பொருள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கட்டுரையை முழுக்கப் படித்தேன். பாதி புரிந்தது, மீதியையும் புரிந்த மாதிரி அம்மாவிடம் விளக்கினேன். பெயர் வரிசையில் உன் பெயர் முதலில் இருப்பதை மாமாவுக்குக் காட்டினேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். செல் தனக்கு வேண்டாத புரதத்துக்கு எப்படி அடையாளம் போட்டு உடைக்கிறது என்பதுதான் என்றேன். "உடைக்கிறதுக்கெல்லாம் படிப்பா?" என்றார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே.

அந்த அடையாளமான யுபிக்விட்டின் பற்றி நீ எழுதியிருக்கும் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 76 அமினோ அமிலம்தான், அவ்வளவு சின்ன புரதம். சங்கிலியாகப் போய் இன்னொரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு, அதை உடைக்கிற இடம் வரைக்கும் கூட்டிப்போகிறது. ஆனால் தான் மாட்டிக்கொள்வதில்லை. வாசலிலேயே கழற்றி விடுகிறார்கள், அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. நான் வகுப்பெடுத்த காலத்தில் இதெல்லாம் பாடத்தில் கிடையாது. 2004இல் இதற்கு நோபல் கொடுத்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். இன்றைக்கு அதே விஷயத்தை நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்.

வீடியோவில் நீ அந்தப் பக்கம் திரும்பியபோது தோளெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. கேட்டதற்கு, எடை அப்படியேதான் இருக்கிறது என்றாய்.

எடை அப்படியே இருக்கிறது என்பதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். உயிர்வேதியியலாளர் ஷோன்ஹைமர் செய்த சோதனை உனக்கு மறந்திருக்காது. 1930களின் கடைசியில், கன நைட்ரஜன் (எடை கூடிய நைட்ரஜன், எங்கே போகிறது என்று தேடிப் பிடிக்கலாம்) சேர்த்த அமினோ அமிலத்தை எலிகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார். வளர்ந்த எலிகள், எடை ஏறவுமில்லை இறங்கவுமில்லை. கட்டி முடிந்த உடம்புதானே, தின்றதை எரித்துச் சிறுநீரில் தள்ளிவிடும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பார்த்தால் அந்த நைட்ரஜனில் பெரும்பகுதி உடம்புப் புரதத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. வெளியே ஒரு மாற்றமும் இல்லை, உள்ளே ஓயாமல் இடிப்பதும் கட்டுவதும். தராசுக்கு அது தெரியாது. ஷோன்ஹைமர் 1941இல், 43 வயதில் போய்விட்டார். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உனக்கே பாடம் நடத்துகிறேன் என்று சிரிப்பாய். சிரித்தாலும் பரவாயில்லை. சர்க்கரைக்கு உடம்பில் கிளைக்கோஜன் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. கொழுப்புக்கும் இடம் இருக்கிறது. புரதத்துக்குக் கிடையாது. உடம்பிலுள்ள ஒவ்வொரு புரதமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது. கல்லீரல் கிளைக்கோஜன் சுமார் 100 கிராம்தான், ஒரு நாள் பட்டினி போட்டால் ஏறக்குறைய காலி. தசையில் அதைவிட அதிகம் உண்டு, ஆனால் தசை அதை ரத்தத்துக்குக் கொடுக்காது, குளுக்கோஸில் ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றி வெளியே விடும் நொதி அதனிடம் இல்லை. மூளையோ நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் கேட்கிறது. கொழுப்பு அமிலத்திலிருந்து குளுக்கோஸ் செய்ய நமக்கு வழி கிடையாது. (கொழுப்பிலுள்ள கிளிசராலில் இருந்து கொஞ்சம் வரும், தெரியும், திருத்த வேண்டாம்.) நாள் கணக்கில் போனால், கொழுப்பிலிருந்து வரும் கீட்டோனுக்கு மூளை பழகிக்கொள்ளும். அதற்கு முன்னால் கணக்கைச் சரிக்கட்ட, உடைத்துக் குளுக்கோஸ் செய்ய எடுப்பது தசைப் புரதத்தைத்தான். விறகு தீர்ந்ததும் வீட்டு உத்திரத்தை உருவி அடுப்பில் வைக்கிற கதை. எந்த உத்திரம் எந்தச் சுவரைத் தாங்குகிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை.

ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் உடம்பிலேயே ஒரு நாளைக்கு 250, 300 கிராம் புரதம் உடைந்து திரும்பக் கட்டப்படுகிறது. சாப்பாட்டில் வருவதைப்போல மூன்று நான்கு மடங்கு. உடைகிற அமினோ அமிலத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது, ஆனால் முழுவதையும் அல்ல. அந்தக் குறையை வெளியிலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். அதிலும் ஒன்பது அமினோ அமிலத்தை நம் உடம்பால் செய்யவே முடியாது. ஒன்று போதாமல் போனாலும் கட்டிக்கொண்டிருக்கும் புரதச் சங்கிலி அந்த இடத்தில் நின்றுவிடும், மற்ற பத்தொன்பதும் எவ்வளவு இருந்தாலும் சரி. இதை வகுப்பில் நான் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து "அப்ப அந்த ஒன்னு வர்ற வரைக்கும் மத்ததெல்லாம் காத்திருக்குமா சார்?" என்று கேட்டவள் நீ. காத்திருக்காது, அவற்றுக்கும் கிடங்கு இல்லை, எரிந்துபோகும் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்தும் விடாமல் கேட்டாய். அப்படிக் கேட்ட பெண் இப்போது எதைக் கேட்டாலும் "ஒன்னுமில்லப்பா" என்கிறாள்.

மே மாதத்து விஷயத்தை நான் கேட்கப்போவதில்லை. அத்தை சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் போனை எடு. ஆய்வகத்தில் இருந்தேன், மீட்டிங்கில் இருந்தேன் என்று மறுநாள் செய்தி அனுப்புவது ஊரில் மற்றவர்களுக்குச் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு மெயில் வருகிறது, அந்த நேரத்தில் நீ தூங்கவில்லை என்பது கணக்குப் போடாமலே தெரிகிறது. சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. வேலை எங்கேயும் ஓடிப்போகாது.

தம்பிக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. வேறு விசேஷம் இல்லை.

உன் கட்டுரையில் மூன்றாவது படத்தில் செங்குத்து அச்சுக்கு அலகு போடவில்லை. அச்சடிக்கப் போகுமுன் பார்த்துவிடு. பேசுவதாக இருந்தால் காலையில் ஆறு மணிக்குப் பண்ணு, அப்போது அம்மா நடக்கப் போயிருப்பாள், நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா