அந்தப் படத்த மட்டும் தனியா போய் பாக்காத தம்பி

தம்பி,

வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ கேக்குறதே இல்ல, போன் பண்ணா கட் பண்ணிட்டு அப்புறம் பேசுறேம்மான்னு ஒரு வரி அனுப்புற, அந்த அப்புறம் வரவே மாட்டேங்குது. அதான் உக்காந்து டைப் பண்றேன். வேலையா இருந்தா இப்ப படிக்காத, சாப்ட்டு முடிச்சு நிதானமா படி. ஆனா முழுசா படி.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பாக்கு சுகர் கொறஞ்சிருக்கு. மாடி போர்ஷனுக்கு ஆள் வந்தாச்சு. சித்தி மகளுக்கு தை மாசம் தேதி பாத்துட்டு இருக்காங்க. நியூஸ் அவ்வளவுதான்.

நான் கேக்க வந்தது வேற. நீ கடைசியா பேசுனப்போ பின்லாந்துக்காரங்களோட பழைய காவியம் கலேவலால வர்ற குல்லர்வோ கதைய படமா எடுத்திருக்காங்கம்மா, யோகினென்னு டைரக்டர், தியேட்டர்ல போய் பாக்கணும்னு சொன்னீல்ல. அந்தப் படத்துக்கு தனியா போகாத. யாரையாச்சும் கூட்டிட்டுப் போ. பக்கத்து ரூம் நேபாளி பையன் இருக்கான்ல அவன கூட்டிட்டுப் போ, டிக்கெட்டுக்கு வேணா நான் பணம் போடுறேன். படம் பாக்காதன்னு சொல்லல, நீ எதுக்காக பின்லாந்துக்குப் போனன்னு எனக்குத் தெரியாதா. தனியா பாக்க வேணாம்னு மட்டும்தான் சொல்றேன்.

ஏன்னு கேப்ப. நான் அந்தக் கதைய படிச்சேன். கலேவலா முழுசும் தமிழ்ல இருக்கு, ஹெல்சின்கியில இருந்த நம்ம இலங்கைக்காரர் சிவலிங்கம், உதயணன்ங்கிற பேர்ல எழுதுவாரே, அவரு 1994லயே 50 பாட்டையும் மொழிபெயர்த்திருக்காரு, மதுரைத் திட்டத்துல இலவசமாவே கெடைக்குது. நீதான் லிங்க் அனுப்புன, போன வருஷம், படிம்மா உனக்குப் பிடிக்கும்னு. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுத்தவளுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்துச்சு. ஸ்டாஃப் ரூம்ல கூட இருந்தவங்க எல்லாருக்கும் அனுப்பி வச்சேன், என் மகன் குடுத்ததுன்னு சொல்லித்தான் அனுப்புனேன்.

குல்லர்வோ கதை 31ஆம் பாட்டுல ஆரம்பிக்குது. பொறக்குறதுக்கு முன்னாடியே சொந்த சித்தப்பனே குடும்பத்த அழிச்சிடுறான், வளந்தப்புறம் கொல்லன் இல்மரினன் வீட்டுக்கு அடிமையா வித்துடுறாங்க. மாடு மேய்க்க அனுப்பும்போது அந்த வீட்டுக்காரி ரொட்டிக்குள்ள கல்ல வச்சு சுட்டுக் குடுக்குறா. அவன் பசியோட அறுக்குறான், கத்தி ஒடஞ்சு போகுது, அவன் அப்பா ஞாபகமா அவன்கிட்ட இருந்தது அந்த ஒரு கத்திதான். அதுக்கப்புறம் நடக்குறது எதுவும் என்னால எழுத முடியாது. செத்துட்டாங்கன்னு நெனச்ச அம்மா அப்பா உசுரோட இருக்குறது அப்புறம்தான் அவனுக்குத் தெரியுது. கடைசியா சண்டைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி வீட்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் நான் செத்துட்டேன்னு கேள்விப்பட்டா அழுவீங்களான்னு கேக்குறான். அப்பன் அழமாட்டேங்குறான், அண்ணன் தம்பி அழமாட்டேங்குறான், தங்கச்சியும் அழமாட்டேங்குறா. அம்மாக்காரி மட்டும் சொல்றா, தாய் மனசு உனக்குத் தெரியாதுடா, நான் அழுவேன், என் கண்ணீர் வீடெல்லாம் ஓடும், பனி உருகிப் போற அளவுக்கு அழுவேன்னு.

அதோட மூடி வச்சிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அப்பா எழுந்து என்னன்னு கேட்டாங்க, ஒண்ணுமில்ல கொசுன்னு சொன்னேன். மறுநாள்தான் மிச்சத்த படிச்சேன். அவன் திரும்பி வரும்போது வீடு காலி, ஒருத்தரும் உசுரோட இல்ல, கருப்பு நாய் ஒண்ணு மட்டும் இருக்கு. அதுக்கப்புறம் அவன் என்ன பண்ணான்னு உனக்கே தெரியும்.

அது கதைதாம்மான்னு நீ சொல்லுவ. தெரியும். லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதுன டோல்கீனும் காலேஜ்ல படிக்கும்போதே அந்தக் கதைய தன்னோட கையால திருப்பி எழுதிப் பாத்தாரு, அதுல இருந்துதான் அவர் கதைல துரின் வந்தான்னு நீ எனக்கு மணிக்கணக்கா சொல்லியிருக்க. பெரிய கதைதான். ஆனா காலைல பத்தரைக்கு விடிஞ்சு மதியம் ரெண்டு மணிக்கெல்லாம் இருட்டிடுற ஊர்ல, குளிர்காலத்துல, ஒத்தையா ரூம்ல இருக்குற பையன் தனியா போய் உக்காந்து பாக்குற படமா அது. நம்ம சின்ன மாமாவும் கடைசியா அப்புறம் பேசுறேன்க்கான்னுதான் சொன்னான். அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, நீயும் கேக்காத.

பாக்கணும்னா திரும்ப சம்போ பாரு. 1959ல ரஷ்யாவும் பின்லாந்தும் சேந்து கலேவலாவ வச்சு எடுத்தது. நீ அனுப்புன லிங்க்ல நானும் அப்பாவும் பாத்தோம், அப்பா பாதியில தூங்கிட்டாங்க, நான் முழுசா பாத்தேன். அந்த டைரக்டர் ப்துஷ்கோ பொம்மைய நகத்தி நகத்தி படம் எடுத்து வந்தவராம்ல, அதான் கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமயே இரும்புக் குதிர, பாம்பு நெளியற வயலு எல்லாத்தையும் கண்ணு முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டாரு. ஒவ்வொரு சீனையும் நாலு நாலு தடவ எடுத்தாங்கன்னு நீ சொன்னீல்ல, பின்னிஷ்ல ஒரு தடவ ரஷ்யன்ல ஒரு தடவ, அகல ஸ்கிரீனுக்கு ஒண்ணு சாதா ஸ்கிரீனுக்கு ஒண்ணுன்னு. அவ்வளவு பாடுபட்டத அமெரிக்காக்காரங்க வாங்கி, வெட்டி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல வர்ற மாதிரி சுருக்கி, டப்பிங் பேசி, நடிச்சவங்க பேரெல்லாம் இங்கிலீஷ் பேரா மாத்தி, 1964ல ஓட்டுனாங்க, படத்தோட பேரையே மாத்திட்டாங்க. கேட்டப்போ எனக்கே வயிறு எரிஞ்சுச்சு. நல்லவேளை அந்த ஊர் ஆர்க்கைவ்ல பழைய பிரிண்ட்ட சரி பண்ணி காப்பாத்திட்டாங்க, நாம பாத்தது அதத்தான். நீ பாக்குற வேலையும் அதே மாதிரி வேலைதானே, இல்லாதத கண்ணுக்கு காட்டுறது. கலேவலால வர்ற சூனியக்காரி லொவ்ஹி ஒடஞ்ச கப்பல எறக்கையா மாட்டிக்கிட்டு, அரிவாள நகமா வச்சுக்கிட்டு கழுகா பறந்து வருவாளே, அத நீ பேப்பர்ல வரஞ்சது இன்னும் உன் பீரோ கதவுல ஒட்டியிருக்கு. ஒருநாள் இத நான் ஸ்கிரீன்ல பண்ணுவேன்மான்னு சொன்ன. பண்ணுவ. இப்ப இருக்குற ஆபீஸ்லதான் பண்ணணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு நான் கேக்கல, பெரியம்மா பையன் ஏதோ சொன்னான், அவன் சொல்றதையெல்லாம் நான் எடுத்துக்கறதில்ல. வேலை வரும் போகும், வீட்டு லோன் முடிஞ்சிருச்சு, எங்களுக்கு மாசாமாசம் நீ அனுப்பித்தான் ஆகணும்னு ஒண்ணுமில்ல.

விட்டமின் டி மாத்திரை போடுறியா. அங்க பால்லயே சேக்குறாங்கன்னு படிச்சேன், இருந்தாலும் நீதான் பால் குடிக்க மாட்டியே. வெயிலுக்குப் பதிலா காலைல முன்னாடி உக்காரணும்னு சொன்னாங்களே, 10,000 லக்ஸ் வெளிச்சம், அந்த லைட்டு வாங்குனியா. அதுக்கு முன்னாடி உக்காந்துதான் டீ குடிக்கணும்.

சம்போ படத்துல எனக்குப் பிடிச்சது சம்போ இல்ல. அந்த மந்திர ஆலை மாவு அரைக்குது, உப்பு கொட்டுது, தங்கம் கொட்டுது, கொட்டட்டும். வடநாட்டு லொவ்ஹி சூரியனையே திருடி மலைக்குள்ள அடைச்சு வச்சுடுறா, அதுதான் படத்துல பெரிய விஷயம்னு நீ சொன்ன. எனக்கு அந்த லெம்மின்கைனனோட அம்மாதான். அவன் வரலன்னதும் அவ ஒத்தையா கெளம்பிப் போறா பாரு, மரத்துக்கிட்ட கேக்குறா, போற பாதைக்கிட்ட கேக்குறா, சூரியன்கிட்ட கேக்குறா என் மகனப் பாத்தியான்னு. ஆதா வோய்ட்சிக்னு ஒரு அம்மா நடிச்சிருக்காங்க. எனக்கு அந்த முகம்தான் நிக்குது.

புத்தகத்துல இன்னும் விரிவா இருக்கு. 12ஆம் பாட்டுலயும் 15ஆம் பாட்டுலயும். நீ படிச்சிருப்ப, இருந்தாலும் சொல்றேன். அவன் அம்மா போகாதடா போகாதடான்னு சொல்லியும் கேக்காம போறவன், போகும்போது தன்னோட சீப்ப செவுத்துல மாட்டிட்டு, எனக்கு ஏதாச்சும் ஆனா இதுல ரத்தம் வடியும்னு சொல்லிட்டுப் போறான். அவன் பொண்டாட்டி காலையும் சாயங்காலமும் அந்த சீப்பப் போய் பாக்குறா. எனக்கு உன்னோட வாட்ஸப் லாஸ்ட் சீன்தான் அந்த சீப்பு. ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு பாக்குறேன், நீ ஆன்லைன்ல இருக்க, உங்க ஊர்ல அப்ப என்ன மணின்னு கணக்குப் போட்டு, இவன் ஏன் இன்னும் தூங்கலன்னு யோசிச்சுட்டு படுக்குறேன். அதுக்கு முந்தின வாரமெல்லாம் லாஸ்ட் சீனே தெரியல, ஆஃப் பண்ணி வச்சிருந்த. அத மட்டும் ஆஃப் பண்ணாத தம்பி. நீ பேசாட்டியும் பரவால்ல, அது இருக்கட்டும்.

சீப்புல ரத்தம் பாத்ததும் அம்மாக்காரி ஓடுறா. மரத்தக் கேட்டா என்னைய வெட்டி வெறகாக்குறாங்க, எனக்கே ஆயிரம் கவலைங்குது. பாதையக் கேட்டா எல்லாரும் என்னைய மிதிக்கிறாங்க, நான் யார கவனிக்கங்குது. நிலாவும் அப்படித்தான், பனியில தனியா கெடக்கேங்குது. எல்லாருக்கும் அவங்கவங்க பாடு. சூரியன்தான் சொல்லுது உன் மகன் செத்துட்டான், துவோனி ஆத்துல துண்டு துண்டா கெடக்கான்னு. அவ உக்காந்து அழல. நேரா இல்மரினன்கிட்ட போய் செம்புல ஒரு வாரி பண்ணிக்குடுங்குறா, அதுக்கு எஃகுல பல்லு. அந்த செத்தவங்க ஆத்துல எறங்கி நின்னு வாருறா. மொதல்ல சட்டை வருது, அப்புறம் தொப்பி, காலுறை. இன்னும் ஆழமா எறங்கி வாருறா, ஒரு கை வருது, பாதி தலை வருது. காக்கா ஒண்ணு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இவன் இனி ஆள் ஆகமாட்டான், கண்ண மீன் தின்னுடுச்சு, திருப்பி தண்ணியில போடுங்குது. அவ காதுலயே வாங்கல. எலும்போட எலும்ப சேத்து நரம்போட நரம்ப சேத்து வைக்கிறா, தேனீய தேன் எடுத்துட்டு வர அனுப்புறா, ஒரு தடவ கொண்டு வந்தது பத்தல, திருப்பி அனுப்புறா, அதும் பத்தல, வானத்துக்கு மேல போய் எடுத்துட்டு வாங்குறா. அவன் எழுந்து உக்காந்து அடடா நல்ல தூக்கம் தூங்கிட்டேன்மாங்குறான். அதுக்கு அவ சொல்றா, நான் இல்லேன்னா இன்னும் ரொம்ப நேரம் தூங்கியிருப்பன்னு.

ஹெல்சின்கியில ஆட்டெனியம் மியூசியத்துல அந்தக் காட்சியோட ஓவியம் இருக்கு, 1897ல கல்லென்-கல்லேலா வரஞ்சது. அந்த அம்மாவுக்கு மாடலா உக்காந்தது அவரோட சொந்த அம்மாவேதானாம். நீ ஹெல்சின்கி போறப்போ எல்லாம் எங்கெங்கயோ சுத்துற, அதுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புப்பான்னா அனுப்பல. ஓவியத்த மட்டும் எடுத்து அனுப்பாத, நீயும் தெரியணும், இளைச்சிருக்கியான்னு பாக்கணும்.

இன்னொண்ணு. ஜேட் வாரியர்னு 2006ல சீனாக்காரங்களோட சேந்து எடுத்தாங்களே, அந்த இரும்படிக்கிற பையன் படம், அதையும் பாத்துட்டேன். பாதி பின்லாந்து பாதி பழைய சீனா, மொதல்ல ஒண்ணுமே புரியல, கத்திச்சண்டையும் சம்போவும் எப்படி சேரும்னு. ஆனா அந்தப் பையன், கைன்னு பேரு, பிரியப்பட்டவ விட்டுட்டுப் போனதும் எப்படி ஆயிடுறான்னு பாத்தேன். கதைலயும் இல்மரினன் பொண்டாட்டி செத்ததும் தங்கத்துலயே ஒருத்திய செஞ்சு பக்கத்துல படுக்க வச்சுப் பாக்குறான், அவ பக்கம் இருந்த ஒடம்பு ஜில்லுன்னு ஆயிடுது. நான் யாரப் பத்தியும் கேக்கல. போன கோடைல வீடியோல பின்னாடி நின்னு நமஸ்தேன்னு கை காட்டுன பொண்ணு இப்ப ஏன் வர்றதில்லன்னு நான் கேக்கவே இல்ல. அது இருந்தாலும் எங்களுக்கு சம்மதம்தான், இல்லாட்டியும் ஒண்ணும் கொறஞ்சு போயிடல, உங்கப்பாவும் இதத்தான் சொன்னாங்க, எங்கிட்டதான் சொன்னாங்க, உங்கிட்ட சொல்ல அவங்களுக்கு வரல.

உன்னை ஒத்தையா விட்டுட்டோம்னு நெனைக்காத. உனக்கு டிக்கெட் போட பணம் வேணும்னா சொல்லு, பொங்கலுக்கு வா, ரெண்டு வாரம் வெயில்ல உக்காரு. லீவு கெடைக்காதுன்னு சொல்லாத. கெடைக்கலேன்னா நான் வர்றேன், பாஸ்போர்ட் இருக்கு, விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு அக்கா பாத்து வச்சிட்டா. குளிரு தாங்காதுன்னு எல்லாம் சொல்லாத, அவ ஆத்துக்குள்ளயே எறங்குனா.

ஞாயித்துக்கிழமை கால் பண்ணு. கேமராவ ஆன் பண்ணி பேசு, நெட் சரியில்லன்னு சொல்லாத. அந்தப் படத்துக்கு யார் கூட போறேன்னு பேர சொல்லு, அந்தப் பையன் நம்பரையும் எனக்கு அனுப்பு. பருப்புப் பொடி தீந்திருக்கும், அக்கா ஆபீஸ்ல ஒருத்தர் மாசக் கடைசில ஹெல்சின்கி வர்றாரு, குடுத்து விடுறேன், போய் வாங்கிக்க. மாத்திரை போடு.

அம்மா